வலப்பக்கம் மேலே வரட்டும்

1

அடுத்த வீட்டாரின் சகுனம் எங்களைப் பிடிக்குமா?

கோடை தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஊரில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். வெளிக்கிடும்போது பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரத்தில் நானும் திரும்பி வந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். ஆனால் அது எங்கள் பூனை. அதற்கு என்ன பொருள், என்ன பரிகாரம் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும்.

நான் கேட்பது வேறு. வேற்று நாட்டார் ஒருவரின் கெட்ட சகுனத்தை, நல்லது என்று நினைத்து, என் கையாலேயே என் பிள்ளைக்குச் செய்துவிட்டேன். தெரியாமல் செய்தது சேருமா? சரி, தெரியாதவரை சேராது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்த பிறகு?

எனக்கு ஒரே மகள். பெயர் ஆதிரை. ஐந்து வயது முடிந்துவிட்டது, இந்தக் கோடை விடுமுறை முடிய முதலாம் வகுப்புக்குப் போகிறாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

2

கல்யாணமாகி டுசல்டோர்ஃப் நகரத்துக்கு வந்தபோது, இனி ஜேர்மன்காரருக்கு நடுவில்தான் வாழ்க்கை என்று நினைத்தேன். இங்கே பெரிய புகையிரத நிலையத்திலிருந்து இறங்கி நடந்தால் ஒரு முழுத் தெருவும் யப்பானியக் கடைகள். எங்கள் தெருவிலும் கம்பனி வேலைக்காக வந்த யப்பானியக் குடும்பங்கள் சில உண்டு. சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள்.

அப்படி வந்தவள்தான் மியுகி. அவளுடைய மகள் ஹனாவும் ஆதிரையும் ஒரே கிண்டர்கார்டன். காலையில் பிள்ளைகளை விடும் இடத்தில், கழற்றிய சப்பாத்தை நேராக அடுக்கி வைக்கிற தாய்மார் நாங்கள் இரண்டு பேர்தான். அதைக் கண்டுதான் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இருவருக்கும் பொதுவான மொழி ஜேர்மன். இருவருக்கும் அது முடவன் நடை. அவள் ஒரு வசனத்தைத் தொடங்கி, முடிவுக்கு வராமல், தலையைக் குனிந்து முடித்துவிடுவாள். நான் தொடங்கவே யோசிப்பேன். ஒருவரை ஒருவர் மரியாதையாக "நீங்கள்" என்று சொல்லியே இரண்டு வருடம் போய்விட்டது.

முதன்முறை அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்த கிழமை நான் நிம்மதியாக இருக்கவில்லை. தேநீர் தந்தாள், ஆதிரையோடு நிலத்தில் இருந்து விளையாடினாள். புறப்படுகிற நேரம் பார்த்தால், நாங்கள் கழற்றிவிட்டு வந்த சப்பாத்துகள் வாசலைப் பார்த்தபடி திரும்பி இருந்தன. "நேரமாயிற்று, போங்கள்" என்று சொல்லாமல் சொல்கிறாளோ? தேநீரை இரண்டாம் தரம் வாங்கியது பிழையோ? வீட்டுக்கு வந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, விருந்தாளி திரும்பிக் குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போகட்டும் என்று வீட்டுக்காரி செய்கிற உபசாரமாம் அது.

எனக்கு ஒரு கிழமை எடுத்ததை ஆதிரை ஒரே நாளில் படித்துவிட்டாள். என் கணவர் சுதனின் அக்கா, வதனி மச்சாள், வுப்பர்டாலில் இருக்கிறா. ஒருமுறை வந்திருந்தபோது, எழும்பிப் போக வெளிக்கிட்டு வாசலில் நின்றுவிட்டா.

"என்ன பிள்ளை இது? என்ர சப்பாத்தை வாசலுக்குத் திருப்பி வைச்சிருக்கிறாய். மாமியைக் கலைக்கிறியோ?"

"இல்லை மாமி. அப்பத்தான் நீங்கள் கெதியாப் போகலாம்."

சுதன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"சுபா," என்றா மச்சாள் என்னைப் பார்த்து, "எல்லாரும் பிள்ளை டொய்ச்காரியாப் போயிடும் எண்டு பயப்பிடுறவை. நீ என்னண்டா ஜேர்மன்காரியும் இல்லாமல் யப்பான்காரியாக்கிப் போட்டாய்."

பகிடியாகத்தான் சொன்னா. ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அது ஞாபகம் வந்துவிடும். ஆதிரை புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து இரண்டு கையையும் கூப்பி, "இதடாக்கிமாஸ்" என்பாள். சாப்பிட முன் யப்பானியர் சொல்வது. "பெற்றுக்கொள்கிறேன்" என்று பொருளாம். சமைத்தவருக்கு, விளைவித்தவருக்கு, கோப்பைக்குள் கிடக்கிற உயிருக்கு, எல்லாருக்கும் சேர்த்து.

"அம்மா, நாங்கள் என்ன சொல்லுறனாங்கள்?"

"நாங்கள்... சாப்பிடுவம்."

"ஒண்டும் சொல்லாமலோ?"

தேவாரம் சொல்லலாம் என்றேன். அது நீளம் என்றாள். தமிழில் ஏதாவது ஒரு சொல் வீட்டிலிருந்தே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது நான்தான் என்று தோன்றியது. இன்றைக்கும் அந்தச் சொல் கிடைக்கவில்லை.

3

ஆதிரையை நான் வேறொரு விதத்திலும் பிழையாக விளங்கியிருந்தேன். கிண்டர்கார்டனில் அவள் பேசுவதில்லை என்றார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. வட்டமாக இருந்து கதை கேட்கிற நேரத்தில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியை நல்ல மனுசி. "வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள்?" என்று மெதுவாகத்தான் கேட்டா. "தமிழ்" என்றேன். அவ அதைக் குறித்துக்கொண்டா. அந்தக் குறிப்பே எனக்குத் தீர்ப்பு மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் உடைந்த ஜேர்மனில் பேசத் தொடங்கினேன். கேட்கவில்லை போல என்று நினைத்துச் சத்தமாகவும் பேசினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஹனாவோடு மட்டும் அவள் கலகலவென்று இருந்தாள். இப்போது யோசித்தால் காரணம் விளங்குகிறது. ஹனா எதைச் சொல்வதென்றாலும் ஓடிவந்து முகத்துக்கு நேரே நின்று, தலையைக் குனிந்து நிமிர்ந்து, அதன் பிறகுதான் சொல்வாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்க முன் சுகாதார அலுவலகத்தில் ஒரு பரிசோதனை செய்வார்கள். காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். ஆதிரை கையை மடியில் வைத்துக்கொண்டு வடிவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் நீர் தேங்கி, பசை மாதிரி இறுகி இருந்திருக்கிறது. தமிழும் இல்லை, ஜேர்மனும் இல்லை, அவளுக்கு ஒன்றுமே சரியாகக் கேட்கவில்லை.

சின்ன ஒப்பரேசன் என்றார் வைத்தியர். மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையை எடுத்து, காதுக்குள் ஒரு சிறு குழாய் வைப்பார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். டெர்மின், அதாவது ஒப்பரேசனுக்குக் குறித்த நாள், கோடைத் தொடக்கத்தில் கிடைத்தது. மயக்க மருந்துக்குச் சம்மதம் கேட்கிற கடதாசியை முன்னால் வைத்தார்கள். அதில் பாதிச் சொற்களுக்கு அகராதி பார்த்தேன். சாவு என்ற சொல் மட்டும் அகராதி இல்லாமலே விளங்கியது. "அது எல்லாருக்கும் போடுற வசனம் சுபா, கையெழுத்தை வை" என்றார் சுதன். ஒன்பது வயதில் இங்கே வந்தவர். அவருக்குக் கடதாசிகளைக் கண்டு பயமில்லை.

எனக்குப் பயம். ஜேர்மன் அலுவலகக் கடதாசியால்தான் அப்பாவைக் கடைசியாகப் பார்க்காமல் விட்டேன். அவர் செத்த நேரம் என் வதிவிட அட்டை முடிந்து, கடவுச்சீட்டு அலுவலகத்தில் கிடந்தது. அடுத்த டெர்மின் வரும்வரை நாட்டைவிட்டுப் போக ஏலாது. கீரிமலையில் நடந்த அந்தியேட்டியை, முப்பத்தோராம் நாள் கிரியையை, போனில்தான் பார்த்தேன். தம்பியின் முகம் தெரியவில்லை. அவனுடைய கையும், கையில் எள்ளுப் போட்ட சோற்று உருண்டையும், பின்னால் கடலும்தான் திரையில் தெரிந்தன.

4

ஒப்பரேசன் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை ரைன் நதிக்கரையில் யப்பானியத் திருவிழா. ஆண்டுதோறும் நடக்கும், நகரமே கூடும். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப் போவோம் என்று மியுகிதான் சொன்னாள். ஹனாவுக்கு அளவு குறைந்துபோன கோடைக் கிமோனோ ஒன்றையும் ஆதிரைக்குத் தந்தாள். மெல்லிய பருத்தி. நீலத்தில் சிவப்பு மீன்கள். இடுப்பில் கட்ட மஞ்சளில் ஒரு மெத்தென்ற துணி.

"காலையில் வாருங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்றாள்.

நான் என்ன செய்தேன் என்றால், அவளுக்கு ஏன் கரைச்சல் என்று நினைத்தேன். புடவை கட்டத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையா என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன், எது முதலில் என்று தெரியாது. சனி காலை ஆதிரையைக் குளிக்கவார்த்து, சுவாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். கை இரண்டையும் நுழைத்தாயிற்று. முன்பக்கம் இரண்டு தலைப்பும் தொங்குகிறது. எதை மேலே போடுவது?

ஒரு கணம்தான் யோசித்தேன். மணவறைக்கு ஏறியது வலக்காலை வைத்து. ஏடு தொடக்கியது வலக்கையைப் பிடித்து. பிள்ளை செவ்வாய்க்கிழமை ஒப்பரேசனுக்குப் போகிறாள். நல்லபடி போய்வர வேண்டும்.

"வலப்பக்கம் மேல வரட்டும் பிள்ளை. அதுதான் நல்லது," என்று சொல்லி, வலப்பக்கத்தை மேலே மடித்து, மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டி, திருநீறும் பூசிவிட்டேன். படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மச்சாளிடமிருந்து உடனே பதில் வந்தது. "அச்சா வடிவு! பொம்மை மாதிரி!"

மியுகியின் வீட்டு மணியை அடித்தோம். கதவைத் திறந்தவள் சிரித்தபடிதான் திறந்தாள். பிறகு ஆதிரையின் நெஞ்சைப் பார்த்தாள்.

"அழகு," என்றாள். "மிகவும் அழகு." முகத்தில் சிரிப்பு இல்லை.

அடுத்த கணம் வாசலிலேயே முழங்காலில் இருந்துவிட்டாள். "மன்னிக்க வேண்டும்... கொஞ்சம்... நான்..." வசனம் முடியவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தாள். இரண்டு பக்கத்தையும் முழுதாகத் திறந்தாள். இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மடித்து, திரும்பக் கட்டினாள். அவள் விரல்கள் நடுங்கியதை நான் கண்டேன். கட்டி முடிந்த பிறகும் இரண்டு கையையும் பிள்ளையின் நெஞ்சில் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள்.

"இப்போது சரி," என்றாள்.

என் கட்டுத் தளர்ந்திருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். சொன்னால் நானே இறுக்கியிருப்பேனே, இதற்கு வாசலில் வைத்து அவிழ்க்க வேண்டுமா என்று கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. அன்று முழுதும் மியுகி ஆதிரையின் கையை விடவில்லை. யப்பானியப் பறையடியைப் பார்த்தோம், பிள்ளைகள் பச்சைத் தேநீர் ஐஸ்கிறீம் குடித்தார்கள். நான் மட்டும் என் கட்டையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

5

ஞாயிறு காலை. ஆதிரை பாணைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, நேற்று நீங்கள் கட்டினது பிழையாம். ஹனா சொன்னவள்."

"தெரியும் பிள்ளை. தளர்ந்து போச்சு."

"தளரேல்லை. அப்பிடிச் செத்தாக்களுக்குத்தான் கட்டுவினமாம். பெட்டிக்குள்ள வைக்கேக்க."

கையில் இருந்த தேநீரை நான் மேசையில் வைத்தது ஞாபகம். சுதன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹனா சிரிச்சவள்," என்றாள் ஆதிரை. "அவவின்ர அம்மா, சிரிக்கக்கூடாது எண்டு சொன்னவ."

அவள் விளையாடப் போன பிறகு சுதனிடம் சொன்னேன். வலப்பக்கம் மேலே என்று சுவாமிப் படத்துக்கு முன்னாலேயே சொல்லிக் கட்டியதையும் சொன்னேன்.

"இஞ்ச பார் சுபா," என்றார். "யமன் வாறதெண்டா எங்கட பிள்ளையைத் தேடி ஊன்ட்றொப் அம்மன் கோயில் பக்கத்தாலதானே வருவான். யப்பான் பக்கத்தாலயோ வருவான்?"

"நீங்கள் பகிடி விடுறியள்."

"பின்ன என்ன செய்ய? துணிதானே. பிள்ளை வேர்த்து விறுவிறுத்து ஐஸ்கிறீமும் குடிச்சிட்டு வந்தவள்."

"கோயிலுக்குப் போயிட்டு வருவமே? இண்டைக்கு ஞாயிறுதானே. ஒரு அர்ச்சனை செய்துகொண்டு..."

"அந்தச் சனத்துக்க கொண்டுபோய்த் தடிமன் பிடிச்சுதெண்டா ஒப்பரேசனைத் தள்ளி வைச்சிடுவாங்கள். பிறகு பள்ளிக்கூடம் துவங்கேக்கயும் காது கேக்காது. உனக்கு அது பறவாயில்லையோ?"

அவர் சொன்னது சரி. போனில் கோயிலுக்கு எடுத்து ஐயரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். என்ன சொல்லிக் கேட்பது? "ஐயா, யப்பானியப் பிரேத முறைக்கு எங்கள் ஆகமத்தில் சாந்தி உண்டா?" போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மச்சாளிடமிருந்து ஒரு செய்தி. திறந்தால், அவவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டத்துக்குள் ஆதிரை. வலப்பக்கம் மேலே. நான் அனுப்பிய படத்தைத் தன் முகப்புப் படமாக மாற்றியிருக்கிறா. அவ ஒரு நாளைக்குப் பத்துச் செய்தி அனுப்புகிற ஆள். ஒவ்வொன்றோடும் அந்தப் படமும் வந்து நிற்கும். பொறுக்கமாட்டாமல் எடுத்தேன்.

"மச்சாள், அந்தப் படத்தை மாத்தி வேற ஒண்டு போடுங்கோவன்."

"ஏன் பிள்ளை? கண்ணூறு படும் எண்டு பயமோ? நீ யோசியாதை. நான் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் போனுக்குச் சுத்திப் போட்டன்."

அதற்கு மேல் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அவ அன்றைக்கே ரயில் ஏறி வந்து ஒப்பரேசனை நிறுத்திவிடுவா. சரி மச்சாள் என்று வைத்துவிட்டேன்.

மியுகி மேல் கோபம் வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒப்பரேசன் நாள் அவளுக்குத் தெரியும். தெரிந்துதானே கை நடுங்கியது? பிறகு அவளே சொல்லியிருந்தால் நான் எப்படி நின்றிருப்பேன் என்று யோசித்தேன். அந்த வாசலில், பிள்ளைக்கு முன்னால். கோபமும் நிலைக்கவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது.

6

செவ்வாய் காலை ஆஸ்பத்திரியில் ஆதிரைக்கு ஒரு வெள்ளை அங்கி தந்தார்கள். அவள் அதை உதறிப் பார்த்துவிட்டுத் தாதியிடம் ஜேர்மனில் கேட்டாள், "இதிலே எந்தப் பக்கம் மேலே வரும்?"

தாதி சிரித்தா. "இதற்கு மேல் பக்கமே கிடையாது கண்ணே. முதுகிலேதான் முடிச்சு."

முடிச்சை நான்தான் போட்டேன். இடமும் இல்லை, வலமும் இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். கதவுவரைக்கும் போகவிட்டார்கள். கட்டிலில் படுத்தபடி என் வாயைப் பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று அறிய எப்போதும் பார்ப்பதுபோல. கதவு மூடிவிட்டது.

காத்திருக்கிற இடத்தில் சுதன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிறகு கவனித்தேன். விரல் அசையவில்லை. "பயமோ?" என்று கேட்டேன். "விசரே உனக்கு?" என்றார். அதன்பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் விழித்தபோது கட்டிலோரம் நான்தான் இருந்தேன். "ஆதிரை! அம்மா நிக்கிறன் பிள்ளை! நோகுதோ?" என்றேன். வழக்கமாகப் பேசுகிற சத்தத்தில்.

அவள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, ஏன் கத்துறீங்கள்?"

7

இப்போது அவளுக்கு எல்லாம் கேட்கிறது. குளிர்சாதனப் பெட்டி ஓயாமல் பாடுகிறதாம். மழைக்கு இவ்வளவு சத்தமா என்று யன்னலோரம் நிற்கிறாள். சமையலறையில் நானும் சுதனும் குசுகுசுப்பதற்கு, மற்ற அறையிலிருந்து பதில் வருகிறது.

மியுகி அடிக்கடி விசாரித்துச் செய்தி அனுப்பினாள். சாதாரணச் சாப்பாடு எப்போது கொடுக்கலாம் என்றும் கேட்டாள். வைத்தியர் சரி என்ற அன்று பின்னேரம், ஹனாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பூப்போட்ட துணியில் கட்டிய ஒரு பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்கள் வீட்டில் நல்ல காரியம் நடந்தால் இதைச் செய்வோம். சிவப்பு நல்ல நிறம். ஆதிரைக்காகச் செய்தேன்."

மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன்.

சோற்று உருண்டைகள். பிள்ளையின் கைக்கு அடங்கக்கூடிய உருண்டைகள். சிவப்புப் பயறு சேர்த்து அவித்ததால் சோறு மங்கிய சிவப்பு. ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்பு எள்ளு.

எள்ளு நாங்கள் தின்னாத பொருள் அல்ல. எள்ளுருண்டை என்றால் எனக்கு உயிர். ஆனால் சோற்றை உருட்டி அதில் எள்ளுப் போட்டு ஒருவருக்குக் கொடுப்பது எப்போது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தம்பியின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்னால் கடல். இங்கே என் பிள்ளை மேசையில் நாடியை வைத்துக்கொண்டு அந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மியுகி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டும்.

"அழகு," என்றேன். "மிகவும் அழகு."

சொன்ன பிறகுதான் எங்கே கேட்ட சொற்கள் என்று உறைத்தது. அன்றைக்கு வாசலில் அவள் எப்படி நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது.

அவளால் துணியை அவிழ்த்துத் திருப்பிக் கட்ட முடிந்தது. நான் என்ன செய்ய? எள்ளைத் தட்டிவிடவா? ஆதிரை கையை நீட்டினாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "முதல் அம்மா," என்று சொல்லி ஓர் உருண்டையை எடுத்துவிட்டேன். ஏதாவது இருந்தால் என்னோடு போகட்டும்.

"அம்மா!" என்றாள் ஆதிரை. "சொல்லாம சாப்பிடக்கூடாது."

எடுத்ததைத் திரும்ப வைத்தேன். நாலு பேரும் கையைக் கூப்பினோம். "இதடாக்கிமாஸ்." பெற்றுக்கொள்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஹனா சிரித்தாள், மியுகியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடித்தேன். உப்பும் பயறும் சோறும். ஊரில் கௌபிப் பயறு போட்டு அவித்த சோறு மாதிரி. எள்ளுப் பல்லிடுக்கில் நின்றது.

ஆதிரை இரண்டு தின்றாள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கும் நடக்கவில்லை. ஆனாலும் அன்று படுக்கப் போக முன் அவளைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாளும் தொட்டுப் பார்த்தேன்.

8

இனித்தான் உங்களிடம் கேட்க வந்த விஷயம்.

இங்கே பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போகிற நாள் ஒரு கல்யாணம் மாதிரி. இனிப்பும் பென்சிலும் நிரப்பிய, பிள்ளை உயரத்துக்கு ஒரு காகிதக் கூம்பைக் கையில் கொடுப்பார்கள். சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள். ஹனாவும் ஆதிரையும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிடுவதென்று நான்தான் மியுகியைக் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம்.

"அப்படியென்றால் சிவப்புச் சோற்றை நான் செய்து வருகிறேன்," என்றாள். "அன்றைக்கு நீங்கள் விரும்பிச் சாப்பிட்டீர்கள். இந்த முறை நிறையச் செய்வேன்."

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

வதனி மச்சாளும் வருகிறா. எங்கள் ஊரில் விரதத்துக்கென்று வைக்கிற சாம்பாறு கொதிக்கிற மணத்திலேயே அமாவாசையா என்று கேட்கிற ஆள். பிள்ளைக்கு ஏடு தொடக்கிய மாதிரி ஒரு நல்ல நாளில், மேசை நடுவில், எள்ளுப் போட்ட சோற்று உருண்டைகள் ஒரு தட்டு நிறைய. அவ சத்தம் போடாமல் இருக்கமாட்டா. முன்பு என்றால் தமிழில் சத்தம் போட்டாலும் பரவாயில்லை, மியுகிக்கு விளங்காது, ஆதிரைக்குக் கேட்காது. இப்போது ஆதிரைக்குக் கேட்கும். அவள் ஹனாவிடம் சொல்வாள். ஹனா தாயிடம் சொல்வாள். எனக்கு வந்த வழியாகவே அவளுக்கும் போய்ச் சேரும்.

எள்ளுப் போடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லலாம். ஏன் என்று மியுகி கேட்கமாட்டாள். கேட்காமல் யோசிப்பாள். நான் முதல் உருண்டையை ஏன் பறித்துத் தின்றேன் என்பதும் அப்போது அவளுக்கு விளங்கிவிடும். ஒப்பரேசனிலிருந்து எழும்பிய பிள்ளைக்குத் தான் என்ன கொண்டுவந்து கொடுத்தோம் என்று அவளும் என்னைப்போல ஒவ்வொரு நாளும் நினைப்பாள். அவள் எனக்கு அதைச் செய்யவில்லை. வாசலில் முழங்காலில் இருந்து, காரணம் ஒன்றும் சொல்லாமல், திருத்திவிட்டு எழும்பினாள்.

மச்சாளிடம் முதலில் பேசி, அவவை அடக்கலாம் என்கிறார் சுதன். அக்காவை அடக்கிய சரித்திரம் அவர் வீட்டில் இல்லை. அதோடு, பேசத் தொடங்கினால் அந்தப் படத்தின் கதையும் வந்துவிடும். அது இன்னும் அவவின் வட்டத்துக்குள் இருக்கிறது.

பள்ளிக்கூடம் தொடங்க அதிக நாள் இல்லை. வாசிக்கிறவர்களில் யாராவது வேற்று நாட்டாரோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் இருப்பீர்கள். எனக்கு எழுதுங்கள். மியுகியிடம் சொல்லட்டா, விடட்டா? சொல்லத்தான் வேண்டும் என்றால், அவள் கை நடுங்காதபடி எப்படிச் சொல்வது?